ஈரோட்டுக்காரருக்கு சென்டம், ஹார்டிக்கு ஃபெயில்!

ஆடிப் பதினெட்டுக்குக் கொடுமுடி போய் காவிரியில் முழுகி வரணும் என்று அப்பா சொல்லிவிட்டார். அவருக்கு வயது 82. அவர் சொன்னால் எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது. ஏழு பேர் உட்காருகிற வாடகை வண்டியை ஏற்பாடு செய்தேன். விடியக்காலம் அஞ்சு மணிக்குப் பீளமேட்டை விட்டுக் கிளம்புவதாகத் திட்டம். கிளம்பும்போது மணி ஆறே முக்கால். அந்த ஒண்ணே முக்கால் மணி நேரம் எங்கே போனது என்று இன்றுவரை யாரும் பொறுப்பேற்கவில்லை.

வண்டியில் அப்பா, நான், என் மனைவி, இன்ஜினீயரிங் மூணாம் வருசம் படிக்கிற மகன், தங்கச்சி, மாப்பிள்ளை, அவர்கள் மகள். அவள் பிளஸ் டூ. எங்கள் எல்லோருக்கும் அவள் அம்மணி. பள்ளிக்கூடத்தில் வேறு பேர் இருக்கிறது, அது இங்கே வேண்டாம்.

நீலாம்பூர் தாண்டுவதற்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது. ஆரம்பித்து வைத்தது மாப்பிள்ளைதான்.

"மச்சான், நீங்களாவது இவகிட்டச் சொல்லுங்க. நல்லா மார்க் வாங்கற புள்ள, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்க மாட்டேங்கறா. பி.எஸ்சி. கணக்குப் படிக்கறாளாம்! கணக்குப் படிச்சு என்னத்தப் பண்றது? டீச்சர் வேலைக்கா?"

நம்ம ஊர் நிலவரம் உங்களுக்குத் தெரியும். கோயம்புத்தூரில் இருந்து ஈரோடு வரைக்கும் ரோட்டின் இரண்டு பக்கமும் இன்ஜினீயரிங் காலேஜ் போர்டுதான். இந்த ஊரில் ஒரு பெண் 'எனக்குக் கணக்குப் படிக்கணும்' என்று சொன்னால், 'எனக்குச் சன்னியாசம் போகணும்' என்று சொன்ன மாதிரி வீடே கூடிவிடும்.

அம்மணி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாதான் வாயைத் திறந்தார்.

"ஏனுங் மாப்ள, கணக்குப் படிச்சா என்னங்க கொறஞ்சு போச்சு? உலகத்துலயே பெரிய கணக்கு மேதை யாரு? நம்ம ராமானுஜன். எந்த ஊரு? ஈரோடு! நம்மூர்க்காரரு!"

"அவரு கும்பகோணத்துக்காரருங்க மாமா."

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது.

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஸ்ரீனிவாச ராமானுஜன் பிறந்தது 1887 டிசம்பர் 22, ஈரோட்டில். அம்மா கோமளத்தம்மாளின் பிறந்த வீடு அங்கே இருந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம் அல்லவா, அதன்படி. அம்மாவைப் பெற்ற தாத்தா ஈரோடு முன்சீப் கோர்ட்டில் அமீனா வேலை பார்த்தவர். அப்பா சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். குழந்தைக்கு ஒரு வயசானதும் அம்மா கும்பகோணத்துக்கே தூக்கிப் போய்விட்டார். ஆக, அப்புச்சி வீடு ஈரோடு, அப்பா வீடு கும்பகோணம். அந்தக் கும்பகோணத்து வீடு இன்று நினைவில்லம்.

"அப்புச்சி ஊருதான் சொந்த ஊரு" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு அப்பா பேத்தியைப் பார்த்தார். அவர்தான் அவளுக்கு அப்புச்சி. அதில் கொஞ்சம் சுயநலம் இருந்தது.

என் மகன் போனை எடுத்தான். இந்தத் தலைமுறைக்குப் பஞ்சாயத்துத் தலைவர் அதுதான். "தாத்தா, உலகத்துலயே பெரிய மேதமேட்டிஷியன் ஆர்க்கிமிடீஸ், நியூட்டன், காஸ் இந்த மூணு பேர்னு போட்டிருக்கு. நம்மாளு லிஸ்ட்ல கீழ வர்றாரு."

"அந்தப் போனை மூடி வையி" என்றார் அப்பா.

பெருந்துறையில் ஒரு பேக்கரி வாசலில் டீக்கு நிறுத்தினோம். தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே என் மனைவி, "ஏன், சகுந்தலா தேவியச் சொல்ல மாட்டீங்களா? வித்யா பாலன் நடிச்சாங்களே!" என்றார்.

இந்த இடத்தில் நான் தலையிட வேண்டியதாகிவிட்டது. சகுந்தலா தேவி 1980-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இரண்டு 13 இலக்க எண்களை மனசுக்குள்ளேயே பெருக்கி 28 வினாடியில் விடை சொன்னவர். அசாத்தியம்தான். ஆனால் வேகமாகக் கணக்குப் போடுவது ஒன்று, கணிதம் என்பது வேறொன்று. நெல் மூட்டையை வேகமாகத் தூக்குகிறவர் எல்லாம் புது நெல் ரகம் கண்டுபிடித்தவர் ஆக மாட்டார். கணித மேதை என்றால், அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு உறவை எண்களுக்கு நடுவே கண்டுபிடிக்கணும், அது எப்போதும் உண்மை என்று நிரூபிக்கவும் செய்யணும்.

அப்பாவுக்கு இதில் சம்மதமில்லை. அவர் ஒரு மில்லில் கணக்கு எழுதியே காலம் தள்ளியவர். கால்குலேட்டர் வந்த பிறகும் தொடாதவர். மாகாணி, வீசம், அரைக்கால் எல்லாம் வாய்ப்பாடாக ஒப்பிப்பார். முந்திரி என்றால் எங்களுக்குப் பாயசம், அவருக்கு 320-ல் ஒரு பங்கு. அவருக்குக் கணக்கு என்றாலே கை தவறாத கூட்டல்தான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "கூட்டத் தெரியாதவன் கண்டுபுடிச்சு என்ன பண்றது" என்று டீயைக் குடித்துவிட்டார்.

அவரை வழிக்குக் கொண்டுவர ஹார்டி கதையைச் சொன்னேன். இது உங்களுக்கும் பிடிக்கும்.

ஜி.எச். ஹார்டி கேம்பிரிட்ஜ் பேராசிரியர். ராமானுஜனின் கடிதத்தைப் படித்து, ஆளைப் புரிந்துகொண்டு, இங்கிலாந்துக்கு வரவழைத்தவர். அவர் ஒரு சமயம் கணித மேதைகளுக்குப் பிறவித் திறமையை மட்டும் வைத்து 100-க்கு மார்க் போட்டார். பால் ஏர்டிஷ் என்கிற ஹங்கேரிக் கணித மேதை மூலமாக வெளியே வந்த கதை இது. தனக்கு ஹார்டி போட்டுக்கொண்டது 25. தன் கூட்டாளி லிட்டில்வுட்டுக்கு 30. அந்தக் காலத்தில் உலகமே அண்ணாந்து பார்த்த ஜெர்மானியர் டேவிட் ஹில்பர்ட்டுக்கு 80. ராமானுஜனுக்கு 100.

"சென்டம்!" என்று தங்கச்சி கத்தினாள். நாமக்கல் பக்கத்து ஹாஸ்டல் பள்ளியில் படித்தவள். அந்த வார்த்தையைக் கேட்டால் அவளுக்கு இன்னமும் உடம்பு சிலிர்க்கும்.

"அப்படீன்னா ஹார்டி ஃபெயிலுங்களா மாமா?" என்றாள் அம்மணி. அன்றைக்கு அவள் முதல்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

நம்ம போர்டில் பாஸ் மார்க் 35. அந்தக் கணக்கில் ஹார்டியும் ஃபெயில், லிட்டில்வுட்டும் ஃபெயில். இருபதாம் நூற்றாண்டின் இரண்டு பெரிய கணித மூளைகள்!

என் மகன் விடுவதாயில்லை. ஆய்லர் என்ன ஆனார் என்றான். அவன் கேட்டது சரி. எனக்கு ஓட்டு இருந்தால் நான் ஆய்லருக்குத்தான் போடுவேன், அதை அந்த வண்டியில் சொல்லியிருந்தால் பாதி வழியில் இறக்கிவிட்டிருப்பார்கள். லியோனார்டு ஆய்லர், சுவிட்சர்லாந்தில் 1707-ல் பிறந்தவர். நம்ம பிள்ளைகள் நோட்டில் எழுதுகிற சார்பின் குறியீடு, கூட்டலுக்குப் போடுகிற சிக்மா, கற்பனை எண்ணுக்கு எழுதுகிற சின்ன எழுத்து எல்லாம் அவர் கொண்டுவந்தவை. வட்டத்துக்குப் 'பை' குறியைப் பரப்பியதும் அவர்தான். 13 பிள்ளைகள் பெற்று, அதில் எட்டுப் பேரைச் சின்ன வயசிலேயே பறிகொடுத்தவர். முதலில் ஒரு கண் போனது, அறுபது வயது வாக்கில் இன்னொன்றும் ஏறக்குறைய போய்விட்டது. அதற்கப்புறமும் வாயால் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதிக்கொள்ள, புத்தகம் புத்தகமாக வந்துகொண்டே இருந்தது.

இத்தனை தூரம் ஐரோப்பாவுக்குப் போவானேன்? பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கேரளத்தில் சங்கமகிராமத்து மாதவன் இருக்கிறார். 14-ம் நூற்றாண்டுக்காரர். ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழி, ஐந்தில் ஒன்றைக் கூட்டு, ஏழில் ஒன்றைக் கழி, இப்படியே முடிவில்லாமல் போனால் 'பை'யில் கால் பங்கு வரும் என்பது அவர் வழியில் வந்த கேரளக் கணிதர்கள் எழுதிவைத்தது. ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் இதைக் கண்டுபிடித்தது 1670-களில். நமக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் நமக்கே தெரியாது.

"ஆம்பளைங்க பேராவே சொல்றீங்களே, பொம்பளைங்க யாரும் இல்லியா?" இது என் மனைவி. சகுந்தலா தேவியைத் தள்ளிவிட்ட கோபம் தீரவில்லை.

இருக்கிறார்கள். எம்மி நோத்தர் என்று ஒரு ஜெர்மன் அம்மையார். இயற்பியலின் அடித்தளத்தில் இருக்கிற ஒரு தேற்றம் 1918-ல் அவர் பெயரில் வந்தது. ஆனால் பெண் என்பதால் பல்கலைக்கழகம் வேலை கொடுக்கவில்லை. வருசக்கணக்காகச் சம்பளமில்லாமல் பாடம் எடுத்தார், அதுவும் ஹில்பர்ட்டின் பெயரில் வகுப்பு அறிவித்து. 80 மார்க் வாங்கினாரே, அதே ஹில்பர்ட். அந்த அம்மையாருக்காகச் சண்டை போட்ட மனுசர் அவர். அப்புறம் நாஜிகள் வந்து 1933-ல் நோத்தரை வெளியே அனுப்பினார்கள். அமெரிக்கா போய் இரண்டே வருசத்தில் இறந்துபோனார்.

"பாத்தீங்களா" என்றார் மனைவி. யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. நான் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டேன்.

ஈரோட்டுக்குள் டிராஃபிக்கில் நின்றபோது மாப்பிள்ளை மறுபடியும் ஆரம்பித்தார். இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது. "மச்சான், ராமானுஜன் பெரிய ஆளுதான், நான் இல்லைங்கல. ஆனா எல்லாரும் ராமானுஜன் ஆக முடியுங்களா? போன வாரம் டெஸ்ட்ல இவ கணக்குல 64. நூத்துக்கு! கணக்குப் புடிக்கும்னு சொல்றவ வாங்கற மார்க்கா இது?"

எனக்கே அது புதுச் செய்தி. அம்மணியிடம் கேட்டேன். விடையெல்லாம் சரியாம். ஆனால் கைடில் இருக்கிற வழியில் போடாமல் அவளாக ஒரு வழியில் போட்டிருக்கிறாள். ஸ்டெப் மார்க் எல்லாம் போய்விட்டது. "இந்த மெத்தட் போர்டு எக்ஸாம்ல செல்லாது, உனக்கெல்லாம் கணக்கு வராது" என்று வகுப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

"ராமானுஜனும் ஃபெயில் ஆனவருதான், தெரியுமா அம்மணி?" என்று நான் தேற்றப் பார்த்தேன். நமக்குத் தெரிந்த ஒரே தேற்றம் அதுதானே.

அவள் சட்டென்று திரும்பினாள். "எல்லாரும் இதையேதான் சொல்றீங்க மாமா. நான் ராமானுஜன் இல்லைங்க. ஆகவும் போறதில்லைங்க. எனக்குப் புடிச்சிருக்கு, அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் வண்டியில் யாரும் பேசவில்லை.

அவள் சொன்னதில் இருந்த கோபம் எனக்கு நியாயமாகப்பட்டது. நாம் ராமானுஜனை இரண்டு விதமாக மட்டுமே பயன்படுத்துகிறோம். மார்க் வாங்காத பிள்ளையைத் திட்ட ஒன்று, மார்க் வாங்காத பிள்ளையைத் தேற்ற ஒன்று. அந்த மனுசருக்கு உண்மையில் என்ன நடந்தது என்று யாரும் பார்ப்பதில்லை.

அவர் ஃபெயில் ஆனது அழகான கதை ஒன்றும் இல்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர வேறெதையும் திரும்பிப் பார்க்காததால் ஸ்காலர்ஷிப் போனது. வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். 1906-ல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். எஃப்.ஏ. தேர்வில் கணக்கைத் தவிர மற்றதில் தோற்றார். அடுத்த வருசம் தனியாக எழுதினார், மறுபடியும் தோல்வி. பட்டம் இல்லை, வேலை இல்லை, வீட்டில் காசும் இல்லை. 1909-ல் கல்யாணமும் பண்ணிவைத்துவிட்டார்கள். ஜானகிக்கு அப்போது வயது 10.

அங்கேயே அந்தக் கதை முடிந்திருக்கலாம். முடியாமல் போனதற்குக் காரணம் சிலர்.

வி. ராமசாமி ஐயர் என்று ஒரு டெபுடி கலெக்டர். இந்தியக் கணிதக் கழகத்தை 1907-ல் தொடங்கியவர். திருக்கோவிலூரில் அவரைப் பார்த்து, தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை கொடுங்கள் என்று ராமானுஜன் கேட்டார். நோட்டுகளைப் புரட்டிய ஐயர், இந்த ஆளை இந்த வேலையில் உட்கார வைத்தால் வீணாகிவிடும் என்று சென்னையில் இருந்த கணிதக்காரர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். நெல்லூர் கலெக்டராக இருந்த ஆர். ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துக் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை கிடைத்தது. அங்கே எஸ். நாராயண ஐயர் என்கிற மேலதிகாரி, தானும் கணக்கில் ஆர்வமுள்ளவர், பக்கத்தில் உட்கார்ந்து, 'இந்த வரியில் இருந்து அந்த வரிக்கு எப்படிப் போனீர்?' என்று கேட்டுக் கேட்டு எழுத வைத்தார். ஸ்டெப் போடச் சொல்லிக் கொடுத்தவர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். மார்க்கை வெட்டாமல் சொல்லிக் கொடுத்தார், அதுதான் வித்தியாசம்.

இங்கிலாந்திலும் முதல் கடிதத்துக்கே கதவு திறக்கவில்லை. கேம்பிரிட்ஜ் பேராசிரியர்கள் இரண்டு பேர் கண்டுகொள்ளவில்லை. மூணாவதாக 1913 ஜனவரி 16-ல் எழுதியதுதான் ஹார்டிக்கு.

இன்னொரு பேரும் சொல்லணும். எஸ்.எஸ். பிள்ளை. தென்காசிப் பக்கத்துக்காரர், 1901-ல் பிறந்தவர். எந்த எண்ணையும் அதிகபட்சம் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதிவிடலாம். கனம் என்றால் ஒன்பது வேண்டும். ஆறாம் அடுக்கு என்றால் எத்தனை? 73 என்று நிரூபித்தவர் இவர். 1950-ல் அமெரிக்காவுக்குப் போகிற வழியில் கெய்ரோ பக்கம் விமானம் விழுந்து இறந்துபோனார். அவருக்கு சினிமாவும் இல்லை, தபால்தலையும் என் கண்ணில் பட்டதில்லை. 'யார் பெரியவர்' என்ற பட்டிமன்றத்தில் இவர் பெயரை யாரும் எடுக்க மாட்டார்கள். ஆனால் அந்த 73 இனி எந்தக் காலத்திலும் மாறாது.

கொடுமுடி போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. ஈரோட்டில் இருந்து நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் ஆடிப்பெருக்குக் கூட்டம். தீர்த்தம் எடுக்க வந்தவர்கள், முளைப்பாரி விட வந்தவர்கள், புதுத் தாலிக்கயிறு மாற்ற வந்த புதுப்பெண்கள். மகுடேசுவரரையும் வீரநாராயணப் பெருமாளையும் கும்பிட்டு, வன்னி மரத்தைச் சுற்றிவந்து, படித்துறையில் உட்கார்ந்தோம். ஆறு நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பார்க்கவே மனசு நிறைந்தது.

அப்போதுதான் நான் சொன்னேன், "அப்பா, ராமானுஜன் இங்கே இருந்திருக்கார்."

அவர் நம்பவில்லை. பிறந்தது ஈரோடு என்று மார்தட்டுகிறவருக்குக்கூட இது தெரியாது. 1919 மார்ச்சில் இங்கிலாந்தில் இருந்து திரும்பி வந்தபோது ராமானுஜன் எலும்பும் தோலுமாக இருந்தார். ராயல் சொசைட்டி உறுப்பினர், டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ, எல்லாப் பெருமையும் வந்துவிட்டது. உடம்புதான் போய்விட்டது. காசநோய் என்றார்கள். பிற்காலத்தில் அவருடைய மருத்துவ விவரங்களை ஆராய்ந்த ஒரு ஆங்கில மருத்துவர், அது அமீபாவால் வந்த ஈரல் நோயாக இருக்கும் என்று எழுதினார். அப்படியென்றால் அன்றைய வைத்தியத்திலேயே பிழைத்திருப்பார். சென்னை வெயில் ஆகாது என்று உள்நாட்டுக்குப் போகச் சொன்னார்கள். அப்படித்தான் இந்தக் காவிரிக்கரைக்கு வந்து சுமார் இரண்டு மாசம் தங்கினார். இங்கிருந்து கும்பகோணம், அங்கிருந்து மறுபடியும் சென்னை. 1920 ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் உயிர் போனது. வயது 32.

பிறந்த மண்ணுக்கு நாற்பது கிலோமீட்டர் பக்கத்தில் வந்து, ஆற்றைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்.

சும்மா படுத்திருக்கவில்லை. கடைசி வரைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டேதான் இருந்தார். ஜானகி பக்கத்தில் இருந்து வலிக்கு ஒத்தடம் கொடுப்பார், எழுதின தாள்களை எடுத்துப் பெட்டியில் வைப்பார். அந்தக் கடைசி ஓராண்டுத் தாள்களில் ஒரு கட்டு கை மாறிக் கை மாறிக் கேம்பிரிட்ஜ் போய், டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் யாரும் பார்க்காமல் கிடந்தது. 1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்கிற அமெரிக்கக் கணித அறிஞர் கண்டெடுத்தார். நூற்றுச் சொச்சம் பக்கம், 600-க்கு மேல் சூத்திரங்கள். அதில் இருந்த ஒரு வகைச் சார்புகளை இன்று கருந்துளை ஆராய்ச்சியில் பயன்படுத்துகிறார்கள் என்று என் மகனிடம் சொன்னேன். போனை எடுக்காமல் கேட்டுக்கொண்டான், அதுவே பெரிசு.

"அந்தப் பொண்ணு என்ன ஆச்சு?" என்று தங்கச்சி கேட்டாள்.

ஜானகிக்கு அப்போது 21 வயது. பிள்ளை இல்லை. மாமியாரோடு முன்னமே ஒத்துப்போகவில்லை. பம்பாயில் அண்ணன் வீட்டில் சில வருசம் இருந்தார், தையல் கற்றுக்கொண்டார். திரும்பி வந்து திருவல்லிக்கேணியில் தையல் தைத்துப் பிழைத்தார், ஒரு பையனை எடுத்து வளர்த்தார். புருசனுக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே என்று வயசான காலத்தில் பத்திரிகையில் கேட்டார். அதைக் கேள்விப்பட்ட ரிச்சர்ட் ஆஸ்கி என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர், உலகம் முழுக்க இருந்த கணிதக்காரர்களிடம் பணம் திரட்டி, பால் கிரான்லண்ட் என்ற சிற்பியிடம் சொல்லி மார்பளவுச் சிலை செய்ய வைத்தார். அதில் ஒன்று ஜானகியின் வீட்டுக்கு வந்தது. 1994-ல் இறக்கும்போது அவருக்கு வயது 95.

இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். அம்மணியை வம்புக்கு இழுக்க ஒரு கணக்குக் கேட்டேன். "நாலு இட்லியை எத்தனை விதமாப் பிரிச்சு வைக்கலாம்? வரிசை முக்கியமில்லை."

விரல் விட்டாள். நாலும் ஒரே தட்டில். மூணு ஒண்ணு. ரெண்டு ரெண்டு. ரெண்டு ஒண்ணு ஒண்ணு. நாலும் தனித்தனி. ஐந்து விதம்.

சின்னக் கணக்குதான். ஆனால் பத்து இட்லிக்கு 42 விதம், நூறு இட்லிக்கு 19 கோடியே 5 லட்சத்து 69 ஆயிரத்து 292 விதம். இருநூறு என்றால் கிட்டத்தட்ட நாலு லட்சம் கோடி. எண்ணிப் பார்க்காமல் இதைச் சொல்ல ஒரு வழியை ஹார்டியும் ராமானுஜனும் சேர்ந்து 1918-ல் வெளியிட்டார்கள். அதோடு ராமானுஜன் இன்னொன்றும் கவனித்தார். 4, 9, 14, 19 என்று நாலிலும் ஒன்பதிலும் முடிகிற எண் எதை எடுத்தாலும், பிரிக்கிற விதங்களின் எண்ணிக்கை ஐந்தால் மீதியில்லாமல் வகுபடும்.

"எப்பவுமேங்களா?"

"எப்பவுமே."

"ஏனுங் மாமா அப்படி?"

எனக்குத் தெரியாது என்றேன். அதைத் தெரிந்துகொள்ளத்தான் பி.எஸ்சி. கணக்கு என்று ஒன்று இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன், மாப்பிள்ளை முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவரே கேட்டார், "ஏனுங் மச்சான், மெட்ராசுல கணக்குக்குன்னே ஒரு காலேஜ் இருக்குதுன்னு சொல்றாளே, அது நெசமா?"

நிசம்தான். சிறுசேரியில் இருக்கிற சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிடியூட். சி.எஸ். சேஷாத்ரி என்ற பெரிய கணித அறிஞர் 1989-ல் ஆரம்பித்தது. தனி நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். கஷ்டமான தேர்வு, ஆனால் அதில் கைடு வழிதான் செல்லும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கே கிடைக்காவிட்டால் நம்ம ஊர்க் காலேஜிலேயே கணக்கு இருக்கிறது. மாப்பிள்ளை தலையை ஆட்டினார். அது சரி என்பதா, பார்க்கலாம் என்பதா, எனக்குப் பிடிபடவில்லை. "கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்கு அட்வான்ஸ் கட்டிரலாம்னு நெனச்சேன்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

திரும்பி வரும்போது வண்டியில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். அம்மணி மட்டும் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் ஒன்பதைப் பிரித்து எழுதிக்கொண்டு வந்தாள். அவிநாசி தாண்டும்போது முன்னால் எட்டிப் பார்த்து, "மாமா, 29-தான் வருதுங்க. அஞ்சால வகுபடல. ராமானுஜன் தப்பு பண்ணிட்டாருங்களா?" என்றாள்.

"நீ ஒண்ணை விட்டிருப்பே" என்றேன்.

"ரெண்டு தடவ பாத்துட்டனுங்க."

வீட்டில் இறக்கிவிட்டு வந்து, குளித்து, சாப்பிட்டுப் படுக்கப்போகும்போது மணி பத்தரை. முன் அறையில் லைட் எரிந்தது. அப்பா மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, பழைய மில் டைரியில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். கூட்டுப் புள்ளியில் தப்பு வந்தால் அதைக் கண்டுபிடிக்காமல் தூங்காத மனுசர், அந்தப் பழக்கம் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் போனை எடுத்துப் பேத்திக்குப் போட்டார்.

"கண்ணு, தூங்கிட்டியா? மூணு, மூணு, மூணு எழுதுனியா சாமி?"

மறுமுனையில் ஒரு நிமிசம் சத்தமே இல்லை. அப்புறம் அவள் போட்ட கூச்சல் எனக்கு அடுத்த அறை வரைக்கும் கேட்டது.